சுருதியை இறக்கினார், மதிப்பை உயர்த்தினார்: நாதசுர சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை

கல்யாணப் பந்தலில் தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் முழங்குகிறது. அந்த முழக்கத்துக்கு மேலே நாதசுரம் எழும்புகிறது. தமிழ்நாட்டில் நாதசுரம் கேளாத காது உண்டா?

நாதசுரம் இல்லாமல் கல்யாணம் இல்லை. சாமி புறப்பாடு இல்லை. ஆனால், அதை வாசித்தவர்களுக்கு உரிய மரியாதை கிடைத்ததா என்றால், இல்லை. ஒரு காலத்தில் அவர்கள் நின்றுகொண்டேதான் வாசிக்க வேண்டும். மேலே சட்டை போடக்கூடாது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த நிலையை மாற்ற ஒருவர் முன்வந்தார். அவர் கையில் இருந்தது ஒரு நீண்ட மரக்குழல். அவர்தான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

மாமன் வளர்த்த பிள்ளை

ராஜரத்தினம் 1898-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி பிறந்தார். தந்தை குப்புசாமி பிள்ளை. தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். ராஜரத்தினம் என்பது பிறகு வந்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

அவருடைய தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை. அவரும் பெயர் பெற்ற நாதசுர வித்துவான். அவர்தான் மருமகனை எடுத்து வளர்த்தார்.

வளர்ந்த ஊர் திருவாவடுதுறை. கும்பகோணத்துக்கும் மாயூரத்துக்கும் நடுவே, காவிரிக் கரையை ஒட்டிய ஊர். திருமூலர் இருந்து திருமந்திரம் பாடிய தலம் என்று சைவர்கள் போற்றும் இடம். அங்கே பெரிய சைவ மடம் இருக்கிறது. அந்த மடம் தமிழையும் சங்கீதத்தையும் வளர்த்தது. காலையும் மாலையும் கோவிலில் நாதசுரம் ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டே சிறுவன் வளர்ந்தான்.

ஆனால், அவன் முதலில் கற்றது நாதசுரம் அல்ல, வாய்ப்பாட்டு! பிடில் வித்துவான் திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் பாட்டுப் பயிற்சி பெற்றான். அதற்குப் பிறகே நாதசுரம் கைக்கு வந்தது. அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையும் அவருக்கு ஆசிரியராக இருந்தார்.

முதலில் பாட்டு, பிறகு குழல். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் அவர் செய்த பெரிய மாறுதலுக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

குழலுக்குள் என்ன இருக்கிறது?

நாதசுரத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அது எப்படி அமைந்தது என்பது பலருக்குத் தெரியாது.

நீண்ட குழல் பகுதிக்கு உலவு என்று பெயர். இது ஆச்சா மரத்தில் கடைந்தது. கீழே புனல் போல விரிந்திருக்கும் பகுதி அணைசு. மேலே உலோகத்தில் செய்த சிறு குழாய் கெண்டை. அந்தக் கெண்டையில்தான் சீவாளியைப் பொருத்துவார்கள்.

சீவாளிதான் நாதசுரத்தின் உயிர். நாணல் தட்டையைக் காயவைத்து, வேகவைத்து, பதப்படுத்தி அதைச் செய்கிறார்கள். காற்றை ஊதும்போது சீவாளியின் இரண்டு இதழ்களும் துடிக்கும். அந்தத் துடிப்புதான் ஓசை. குழல் அதைப் பெரிதாக்கி வெளியே அனுப்புகிறது.

குழலின் மேல் பக்கத்தில் விரல் வைக்க 7 துளைகள். அடிப்பகுதியில் இன்னும் 5 துளைகள் உண்டு. இவற்றில் விரல் வைப்பதில்லை. தேவைப்பட்டால் மெழுகு வைத்து அடைத்து, சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள்.

நாதசுரத்தின் நுனியில் கயிற்றில் சில பொருள்கள் தொங்குவதைக் குழந்தைகள் வேடிக்கை பார்ப்பார்கள். அவை அலங்காரம் அல்ல. மாற்றுச் சீவாளிகளும், சீவாளியில் அடைப்பை எடுக்கும் ஊசியும்தான். சீவாளி கெட்டால் கச்சேரி நின்றுவிடும். ஆகையால் வித்துவான்கள் எப்போதும் தயாராக இருப்பார்கள்.

திமிரியும் பாரியும்

நாதசுரத்தில் இரண்டு வகை. குட்டையானது திமிரி. நீளமானது பாரி.

குழல் குட்டையாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்று வேகமாக அதிரும். ஓசை உச்சத்தில் கேட்கும். குழல் நீளமானால் காற்று மெதுவாக அதிரும். ஓசை தணிந்து, கனத்துக் கேட்கும். சின்ன மணி கணீர் என்கிறது. கோவில் மணி ஓம் என்று இரைகிறது அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

அந்தக் காலத்தில் எங்கும் ஓங்கி நின்றது திமிரிதான். அதற்குக் காரணம் உண்டு. அப்போது ஒலிபெருக்கி கிடையாது. சாமி நான்கு வீதியும் சுற்றி வரும். கடைசி வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டிக்கும் ஓசை கேட்க வேண்டும். கூட்டத்தின் இரைச்சலையும் தவில் முழக்கத்தையும் அது கிழித்துக்கொண்டு போக வேண்டும். அதற்குத் திமிரியின் கூர்மையான குரல் பொருத்தமாக இருந்தது.

திமிரியின் சுருதி நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று இருக்கும். ஆண்கள் பாடும் சுருதி ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை. ஆகவே பாட்டுக்காரரின் குரலுக்கும் திமிரியின் குரலுக்கும் வெகுதூரம்.

ராஜரத்தினத்தின் மனசில் இந்தத் தூரம் உறுத்தியது. அவர் பாடகராகப் பயின்றவர். தொண்டையில் எழும் குழைவும் நெளிவும் குழலிலும் வரவேண்டும் என்று விரும்பினார். வீதிக்கு ஏற்ற திமிரியை விட்டு, அவர் பாரியைக் கையில் எடுத்தார். அதன் சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை.

எளிதான காரியமா?

பாரி வாசிப்பது சுலபம் அல்ல.

குழல் நீளமானால் துளைகளுக்கு இடையே தூரமும் கூடும். விரல்களை அகட்டி வைக்க வேண்டும். சீவாளியும் பெரிதாக வேண்டும். அதை அதிரச் செய்ய உதட்டில் பலம் வேண்டும். நெஞ்சில் மூச்சு வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாதசுரக்காரர் தனி ஆள் அல்ல. பக்கத்தில் ஜோடியாக வாசிப்பவர் இருக்கிறார். பின்னால் சுருதி போடுபவர் இருக்கிறார். ஒருவர் சுருதியை இறக்கினால் எல்லோரும் இறக்க வேண்டும். ஒரு குழலை மாற்றுவது என்றால், கோஷ்டியையே மாற்றுவது என்று பொருள்.

இத்தனைக்கும் ராஜரத்தினம் துணிந்தார். ஆனால், நல்ல குழல் வேண்டுமே! அதைச் செய்து கொடுப்பவர் யார்?

பக்கத்து ஊர் ஆசாரி

திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை இருக்கிறது. நாதசுரம் செய்வதற்குப் பேர்போன ஊர் அது.

அங்கே ரங்கநாதன் ஆசாரி என்ற கைதேர்ந்த கலைஞர் இருந்தார். ராஜரத்தினத்தின் காது எதைத் தேடுகிறது என்பதை ஆசாரியின் கை புரிந்துகொண்டது.

நாதசுரத்துக்குப் புது மரம் உதவாது. ஈரம் காயக் காய அது வெடித்துவிடும். ஆகையால், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவார்கள். பல தலைமுறை வெயிலையும் மழையையும் பார்த்த மரம்தான் நாதசுரமாகப் பாடும்!

அந்த மரத்தைச் சீவி, கடைசலில் பிடித்து, உள்ளே துளைபோட வேண்டும். துளை நேராக ஒரே அளவில் போகாது. மேலே குறுகி, கீழே போகப் போக அகலும். நெல் முனை அளவு பிசகினாலும் சுரம் மாறிவிடும்.

ரங்கநாதன் ஆசாரி பாரியில் ஒரு முக்கியமான திருத்தம் செய்தார். அது என்ன?

ச, ரி, க, ம, ப, த, நி என்ற ஏழு சுரங்களில் 'ம' இரண்டு வகைப்படும். தாழ்ந்தது சுத்த மத்திமம். உயர்ந்தது பிரதி மத்திமம். பழைய நாதசுரங்களில் சுத்த மத்திமம் தானாகச் சரியாகப் பேசாது. வித்துவான் விரலைப் பாதி மூடியும், மூச்சை அடக்கியும் அதை வரவழைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் சுரம் விலகிவிடும்.

ஆசாரி குழலின் அளவையும் துளைகளையும் திருத்தினார். சுத்த மத்திமம் சுத்தமாகவே பேசும் பாரி நாதசுரம் உருவானது. ராஜரத்தினம் அதை வாங்கி வாசித்தார். அவர் உயிராக நேசித்த தோடி ராகத்துக்கு வேண்டிய 'ம' அதுதான்!

வித்துவான் பெயர் ஊரெல்லாம் பரவியது. அவர் பெயரோடு நரசிங்கம்பேட்டையின் பெயரும் பரவியது. மற்ற வித்துவான்களும் பாரி கேட்டு அந்த ஊருக்கு வரத் தொடங்கினார்கள்.

ஒத்து போய், தம்புரா வந்தது

நாதசுரக் கோஷ்டியில் ஒத்து என்று ஒரு கருவி உண்டு. பார்க்க நாதசுரம் போலவே இருக்கும். ஆனால், விரல் துளை இராது. ஒரே சுரத்தை இடைவிடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, ஒருவர் மணிக்கணக்கில் அதைச் செய்வார். கச்சேரி முடிந்ததும் கைதட்டல் அவருக்கு இல்லை.

ராஜரத்தினம் ஒத்தை நீக்கிவிட்டு, தம்புராவை வைத்துக்கொண்டார். பாட்டுக் கச்சேரியில் மீட்டும் அதே தம்புரா! திமிரியின் உச்சக் குரலுக்கு நடுவே தம்புராவின் மெல்லிய நாதம் கேட்குமா? சுருதி இறங்கியதால்தான் இது முடிந்தது.

மேடை ஏறிய நாதசுரம்

பாட்டு வித்துவான் மேடையில் உட்கார்ந்து பாடுகிறார். வீணை வித்துவான் உட்கார்ந்து வாசிக்கிறார். நாதசுர வித்துவான் மட்டும் ஏன் கால் கடுக்க நிற்க வேண்டும்?

ராஜரத்தினம் இந்தக் கேள்வியை வாயால் மட்டும் கேட்கவில்லை. நடந்து காட்டினார். மேடை போட்டால்தான் வாசிப்பேன் என்று நின்றார். உட்கார்ந்து வாசித்தார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டுச் சட்டை அணிந்தார். காதில் கடுக்கன் மின்ன, விரலில் மோதிரம் பளபளக்க வந்து அமர்ந்தார்.

சிலர் இதைத் திமிர் என்றார்கள். அவர் கவலைப்படவில்லை. தன் ஒருவனுக்காக மட்டும் அவர் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நின்றே வாசித்த ஒரு கூட்டத்துக்காகக் கேட்டார். அவர் உட்கார்ந்த பிறகு, மற்றவர்களும் உட்கார வழி பிறந்தது.

ஆனால், வெறும் பிடிவாதத்தால் இது நடந்துவிடுமா? நடக்காது. உட்கார வைத்த பிறகு, கூட்டம் எழுந்து போகாமல் இருக்க வேண்டுமே! அங்கேதான் பாரி கைகொடுத்தது. திமிரி தூரத்தில் இருந்து கேட்க இனிமை. பாரியோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவும் இனிமை. வீதியில் நடந்த நாதசுரம் சபையில் அமர்வதற்கு அந்தத் தணிந்த குரலே துணை செய்தது.

அதே காலத்தில் வானொலியும் வந்தது. சென்னை நிலையம் 1938-ல் தொடங்கியது. திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கியது. சபைகளில் ஒலிபெருக்கி வந்தது. ஓசையைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. குழல் கத்த வேண்டிய அவசியம் இல்லை, பாடினால் போதும் என்ற காலம் பிறந்தது. ராஜரத்தினத்தின் பாரி அந்தக் காலத்துக்குத் தயாராக இருந்தது.

தோடி என்றால் ராஜரத்தினம்

அவர் எந்த ராகம் வாசித்தாலும் மக்கள் கேட்டார்கள். ஆனால், தோடி என்றால் அது அவருடைய சொத்து போல ஆகிவிட்டது.

இரவு நேரம். கோவில் முன்னே மக்கள் கூட்டம். ராஜரத்தினம் தோடியைத் தொடங்குவார். முதலில் அடிக் குரலில் மெல்ல ஒரு பிடி. பிறகு படிப்படியாக ஏற்றம். ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவார். ராகம் மணிக்கணக்கில் விரியும். வந்த பிடி மறுபடி வராது. கேட்பவர்கள் நேரத்தை மறந்து அமர்ந்திருப்பார்கள்.

அவருக்குத் தவில் வாசித்தவர்களில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை புகழ்பெற்றவர். ராகம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று இருவரும் சபையைக் கட்டிப்போட்டார்கள்.

அவருடைய தோடி இசைத்தட்டாகவும் வந்தது. அந்தக் கால இசைத்தட்டு ஒரு பக்கம் சில நிமிடங்களே ஓடும். கடலைச் செம்பில் முகந்தது போலத்தான். ஆனாலும் ஜனங்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அவரை நேரில் பார்க்காதவர்களும் அவருடைய தோடியை அறிந்தார்கள்.

மக்கள் அவருக்கு நாதசுர சக்கரவர்த்தி என்று பட்டம் சூட்டினார்கள்.

திரையிலும் டில்லியிலும்

1940-ம் ஆண்டு 'கவி காளமேகம்' என்ற படம் வெளிவந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படம். அதில் காளமேகப் புலவராக நடித்தவர் ராஜரத்தினம்! நாதசுரக்காரர் ஒருவர் படத்தின் கதாநாயகன் ஆனார். பாட்டுப் பயிற்சி அங்கும் அவருக்கு உதவியது.

1947-ம் ஆண்டு வந்தது. நாடு விடுதலை பெறும் நாள் நெருங்கியது. திருவாவடுதுறை மடத்தின் சார்பில் சிலர் செங்கோலுடன் டில்லி சென்றார்கள். ஆகஸ்டு 14-ந் தேதி அந்தச் செங்கோலை ஜவகர்லால் நேருவிடம் கொடுத்தார்கள். அந்தக் குழுவுடன் சென்றவர் ராஜரத்தினம். காவிரிக் கரையில் பிறந்த குழலோசை தலைநகரின் வீதியில் கேட்டது.

குறைகளும் உண்டு

அவர் குறையே இல்லாத மனிதர் அல்ல. கோபக்காரர். மனம் வைத்தால் விடிய விடிய வாசிப்பார். மனம் இல்லாவிட்டால் யார் சொன்னாலும் கேட்கமாட்டார். அவர் வருவாரா, மாட்டாரா என்று கச்சேரி வைத்தவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது உண்டு. குடிப்பழக்கமும் அவரைப் பிடித்திருந்தது.

பணம் வெள்ளமாக வந்தது. வந்த வேகத்திலேயே போனது. ராஜாவைப் போல வாழ்ந்தார், ராஜாவைப் போலச் செலவழித்தார். நாளைக்கு என்று எடுத்துவைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

1956-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, சென்னையில் ராஜரத்தினம் காலமானார். அப்போது அவருக்கு வயது 58.

அழியாத சொத்து

பெட்டியில் அவர் பணம் விட்டுப் போகவில்லை. ஆனால், வேறு ஒரு சொத்தை விட்டுப் போனார்.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டு நாதசுரம் ஒலிக்கிறதே, அது காருகுறிச்சியாருடையதுதான். பெண் குரலும் நாதசுரமும் ஒன்றோடு ஒன்று இழைவதைக் கேட்டு நாடே சொக்கியது. குழல் குரலைப் போலப் பாடவேண்டும் என்று குரு கண்ட கனவை, சீடரின் வாசிப்பில் எல்லோரும் கேட்டார்கள்.

இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிப்பது பாரி நாதசுரம்தான். வித்துவான்கள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். சட்டை அணிந்து வாசிக்கிறார்கள். இதில் யாருக்கும் வியப்பு இல்லை. வியப்பு இல்லாமல் போனதே அவருடைய வெற்றி.

நரசிங்கம்பேட்டையில் ஆசாரிகள் இன்னும் பழைய ஆச்சா மரத்தைத் தேடிப் பிடித்து நாதசுரம் கடைகிறார்கள். 2022-ம் ஆண்டு, நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வேறு ஊர்ச் சரக்குக்கு வைக்க முடியாது என்பது இதன் பொருள். திருவாவடுதுறையில் சீவாளி செய்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த முறை கல்யாணப் பந்தலில் நாதசுரம் கேட்கும்போது, கொஞ்சம் அருகே போய்ப் பாருங்கள். குழல் நீளமாக இருக்கிறதா? ஓசை தணிந்து, கனிந்து வருகிறதா? வித்துவான் ஜமக்காளத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா?

அந்த நீளத்திலும், அந்தக் கனிவிலும், அந்த நிமிர்விலும் ராஜரத்தினம் பிள்ளையின் பங்கு இருக்கிறது.